கடைவாயில் ஒரு சத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, இந்தக் கதை நல்லபடியாக முடியாது. எழுந்துபோகிறவர்கள் இப்போதே போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இருக்கிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஒரு மாடி வீட்டில் ஓர் அண்ணியும் ஒரு நாத்தனாரும் இருந்தார்கள். அவர்களை உறவாக்கிய அண்ணன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. நடுவிலிருந்த மனிதர் போன பிறகும் இரண்டு பேரும் பிரியவில்லை. பிரிய வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். "அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்படியில இருந்தா அடுப்பு வெடிக்கணுமே, எப்படிம்மா சமாளிக்கிறீங்க?" என்று கீழ்வீட்டார் கேட்டால், "எங்களுது கரண்ட் அடுப்புங்க, வெடிக்காது, ஷாக்தான் அடிக்கும்" என்பாள் அண்ணி.

அண்ணி ஒரு டாக்ஸி கம்பெனியில் வண்டிகளை அனுப்புகிறவளாக இருந்தவள். கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சொல்கிற வேலை. டிரைவர்கள் அவளைக் 'கன்ட்ரோல்' என்றே கூப்பிடுவார்கள். நேரில் பார்த்தாலும் கன்ட்ரோல்தான். கடைத்தெருவில் ஒருவன் "கன்ட்ரோல், நல்லாருக்கீங்களா" என்று கத்தினால் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரே நேரத்தில் மூன்று டிரைவர்கள் பேசினாலும் பிரித்துக் கேட்கிற காது அது. ஒருத்தன் பொய் சொல்லி டீக்கடையில் நின்றால், பின்னால் கேட்கிற டம்ளர் சத்தத்தை வைத்தே பிடித்துவிடுவாள்.

அந்தக் காதுதான் போனது.

ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் மெல்லிய குரல்கள் போயின. பிறகு மழைச் சத்தம். ஒரே தெருவுக்கு மூன்று வண்டிகளை அனுப்பினாள். பிளேனைப் பிடிக்க வேண்டிய ஒரு கிழவர் பெட்டியோடு வாசலிலேயே நின்றார். முதலாளி நல்ல மனிதர், சாவி மேசைக்கு மாற்றிப் பார்த்தார். அங்கேயும் டிரைவர்கள் கேட்ட சாவி ஒன்று, இவள் எடுத்துக் கொடுத்த சாவி ஒன்று. கடைசியில் அவளே போதும் என்று எழுந்துகொண்டாள். டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து வழியனுப்பு அன்பளிப்பாக ஓர் ஏர் ஃப்ரையர் வாங்கிக் கொடுத்தார்கள். சூட்டுக் காற்றை விசிறியால் சுழற்றி எண்ணெய் இல்லாமல் மொறுகவைக்கிற டப்பா. "காது கேக்காதவளுக்கு ரேடியோ குடுக்காம இதக் குடுத்தானுங்களே, புத்திசாலிப் பசங்க" என்றாள் அண்ணி. அட்டைப் பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரி மேல் ஏறியது.

நாத்தனார் ஒரு சலவைக் கடையில் துணி திருத்துகிறவள். நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. நாளெல்லாம் வாயில் குண்டூசியோடு இருப்பதால் அங்கே பேச்சு கிடையாது. பேச்சையெல்லாம் சேர்த்து வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவாள். செருப்பைக் கழற்றும்போதே "அண்ணி, இன்னைக்குக் கேளுங்க..." என்று ஆரம்பிப்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்தவனும் இல்லை. அவள் பேச்சைக் கேட்க இந்த உலகத்தில் இருந்தவை அந்த இரண்டு காதுகள்தான். அதனால் போனது அண்ணியின் காது மட்டும் என்று நினைக்காதீர்கள்.

காது டாக்டர், நோயாளிக்குக் கேட்காது என்று நாத்தனாரிடம் பேச ஆரம்பித்தார். அண்ணி மேசையைத் தட்டினாள்.

"என்கிட்டயே சொல்லுங்க டாக்டர். காது என்னோடது."

அவர் முகத்தைத் திருப்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நரம்பு பட்டுப்போயிட்டு வருதும்மா. இந்த மெஷின் கொஞ்ச நாள் தாங்கும். உள்ள வைக்கிற பெரிய மெஷினும் உங்களுக்கு எடுபடாது, ஏன்னா சேதி கொண்டுபோற கம்பியே போகுது. வெளிய இருந்து வர்ற சத்தம் முதல்ல போகும். மண்டைக்குள்ள எழும்புற சத்தம் பெரிசு, அது கொஞ்ச நாள் கூட நிக்கும். அப்புறம்..."

"அப்புறம் அதுவும் போகும்" என்று முடித்தாள் அண்ணி. "சங்கு ஊதுறதுக்குன்னே ஒரு காது ரெடியாகுதுன்னு சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. நாத்தனாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச காலத்தில் மெஷினும் வெறும் இரைச்சலாகிவிட்டது. அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். ஒரு காலை நேரம். நாத்தனார் ரொட்டியை டோஸ்டரில் மறந்துவிட்டாள், ஓரம் கருகிவிட்டது. அண்ணி அதைக் கடித்தவள் அப்படியே நின்றாள். கதவைப் பார்த்தாள்.

"யாருடி அது?"

"யாருமில்லையே."

மறுபடி கடித்தாள். கண் விரிந்தது. "அடியே, எனக்குக் கேக்குதுடி! என் மண்டைக்குள்ள யாரோ விறகு ஒடிக்கிறாங்க!"

கடைவாயில் அந்தக் கருகிய ஓரம் நொறுங்குகிற சத்தம், தாடை எலும்பு வழியாக ஏறி, செத்துக்கொண்டிருந்த நரம்பின் கடைசி இழையைத் தொட்டிருக்கிறது. டாக்டர் சொன்ன உள்சத்தம் அதுதான். நாத்தனார் அன்று கடைக்குப் பிந்திப் போனாள். இருந்த ரொட்டியையெல்லாம் கருக்கி அண்ணிக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

அதற்குப் பிறகு மொறுமொறுப்பைத் தேடி அலைந்தார்கள். பிஸ்கட் முதல் கடியில் சத்தம், இரண்டாவது கடியில் சேறு. சிப்ஸ் காரம், இருமல் வந்தது. கேரட்டைக் கொடுத்தபோது, "முயலுக்கா வாழ்க்கைப்பட்டுட்டு வந்தேன்? உங்க அண்ணன் மனுஷன்தானே?" என்று கேட்டாள். எல்லாமே ஒரு கடி, இரண்டு கடி. அண்ணி கேட்டது நிற்காத சத்தம். வாய் நிறைய, மென்றுகொண்டே இருந்தாலும் தீராத சத்தம்.

வழி காட்டியது சலவைக் கடையின் இஸ்திரிக்காரி. ஒரு மத்தியான இடைவேளையில், நீராவிப் பெட்டி புஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும்போதே, அதையும் தாண்டி அவள் மெல்லும் சத்தம் நாத்தனாரின் தையல் மேசைவரை வந்தது.

"என்னக்கா தின்னுறீங்க? ரோடு போடுற மெஷின் மாதிரி சத்தம் வருது."

"கிரனோலா. ஓட்ஸ், பாதாம், தேன் எல்லாம் போட்டு என் மருமக பண்ணது. அவ பண்றதுல இது ஒன்னுதான் வாயில வைக்கலாம்." இஸ்திரிக்காரி டப்பாவை நீட்டினாள். "ஏர் ஃப்ரையர்ல பண்ணலாமாம். உங்க வீட்டுல ஒன்னு பெட்டியோட தூங்குதுன்னு சொன்னியே, எழுப்பு அத."

நாத்தனார் ஒரு கைப்பிடி வாயில் போட்டு, இரண்டு காதையும் உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு மென்றாள். தலைக்குள் சரளைக்கல் லாரி கவிழ்ந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, "பல்லு வலியா?" என்றாள் இஸ்திரிக்காரி.

அன்று சாயங்காலமே டப்பா அலமாரியிலிருந்து இறங்கியது.

முதல் தடவை என்ன ஆயிற்று தெரியுமா? ஓட்ஸ் இலேசான சாமான். உள்ளே விசிறி சுற்றியதும் அத்தனையும் எழுந்து பறந்தது. அடியில் விரித்த காகிதம் மேலே போய்ச் சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டு புகைந்தது. நாத்தனார் "ஐயோ ஐயோ" என்று கத்தினாள். அண்ணிக்குக் கேட்கவில்லை. முன்னறையில் நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தவள், வாசனை வந்த பிறகுதான் எட்டிப் பார்த்தாள். "மூக்கு இருக்கறவரைக்கும் நெருப்புல சாக மாட்டேன்" என்றாள்.

இரண்டாம் தடவை ஓட்ஸ் மேல் ஒரு சின்ன கம்பி ஸ்டாண்டைக் கவிழ்த்துப் பறக்காமல் அழுத்தினாள். குறைந்த சூட்டில் வைத்து நடுநடுவே வெளியே இழுத்துக் கிளறினாள். நிறம் நன்றாக வந்தது. விரலால் தொட்டால் மெத்தென்று இருந்தது. இன்னும் வேகவில்லை என்று மறுபடி வைத்தாள். மறுபடி மெத்து, மறுபடி வைத்தாள். கடைசியில் கரியை எடுத்தாள்.

அந்தச் சூட்சுமம் பிடிபட அவளுக்கு நாளாயிற்று கண்ணுகளா. கிரனோலா சூட்டில் மொறுகாது. அடுப்பிலிருந்து வரும்போது மெத்தென்றுதான் இருக்கும். தட்டில் பரப்பி, கரண்டியால் ஓர் அழுத்து அழுத்தி, பிறகு கை வைக்காமல் விட்டுவிட வேண்டும். ஆற ஆறத்தான் தேன் இறுகிப் பாளமாகும். துணியில் ஒரு தையல் சரியில்லை என்றால் பிரித்துப் பிரித்துப் போட்டே பழகியவளுக்கு, ஒன்றைத் தொடாமல் விடுவது என்பது பெரிய வதை. கையைத் தானே கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"என்னடி, காவலுக்கு நிக்கிற? அது எழுந்து ஓடிடுமா?" என்றாள் அண்ணி.

ஆறியதும் உடைத்தாள். கண்ணாடி உடைகிற சத்தம். ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினாள். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாய் நிறையப் போட்டு மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். கீழே தெருவில் வண்டிகள் போயின, யாரோ யாரையோ திட்டினார்கள், ஒரு நாய் குரைத்தது. அவற்றில் ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அவள் முகம், பழைய கண்ணாடி அறையில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்த முகமாக மாறியது.

"எப்படி அண்ணி?" தோளைத் தொட்டுக் கேட்டாள் நாத்தனார்.

"இரு, குறுக்கப் பேசாத. எல்லா வண்டியும் லைன்ல இருக்கு."

இப்படி ஒரு நல்ல காலம் இருந்தது. தினமும் காலையில் ஒரு கிண்ணம். நாத்தனார் தேனைக் கூட்டினாள், குறைத்தாள். பூசணி விதை சேர்த்தாள். திராட்சையை முன்னாலேயே போட்டால் துப்பாக்கி ரவையாக இறுகிவிடுகிறது, இறக்கிய பிறகுதான் போட வேண்டும் என்று கற்றாள். அண்ணி ஒவ்வொன்றின் சத்தத்தையும் பிரித்துச் சொல்வாள். "பாதாம் பெரிய லாரி. ஓட்ஸ் சைக்கிள். இந்தப் பூசணி விதை இருக்கே, ஹாரனே அடிக்காம குறுக்க வர்றவன்." இருவரும் சிரிப்பார்கள். நாத்தனாரின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கவும் அண்ணி பழகிக்கொண்டிருந்தாள். சலவைக் கடைக் கதைகள் பாதிக்குப் பாதியாவது போய்ச் சேர்ந்தன. இப்படியே போய்விடும் என்று நாத்தனார் நம்பத் தொடங்கினாள். டாக்டர் பாதியில் விட்ட அந்த 'அப்புறம்' அவளுக்கு மறந்தே போயிற்று. மனசு வேண்டாததை மறப்பதில் கெட்டி.

ஒரு நாள் காலை அண்ணி கிண்ணத்தை நகர்த்தினாள்.

"இன்னைக்குச் சரியா வரலடி."

"என்ன அண்ணி?"

"சத்தம் கம்மியா இருக்கு. நமுத்துப் போச்சா?"

நாத்தனார் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும், "டப்பா மூடி சரியா மூடல போல. காத்து பூந்துடுச்சு" என்றாள். அன்று மாலை புதிதாகச் செய்தாள், எப்போதையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் விட்டு எடுத்தாள். மறுநாள் அண்ணி, "இது தேவலை" என்றாள். இரண்டு பேருக்கும் உயிர் வந்தது.

அந்த வாரமே மறுபடி, "சத்தம் வரல."

எண்ணெயைக் குறைத்தாள். பிறகு தேனைத் தனியாகக் காய்ச்சி, பாகு முற்றிய பிறகு ஊற்றினாள். முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலந்தால் கட்டி கட்டியாக இறுகும் என்று கேள்விப்பட்டு அதையும் செய்தாள். ஒருமுறை வறுத்து, ஆறவிட்டு, மறுமுறை வறுத்தாள். ஒவ்வொரு புது வித்தைக்கும் இரண்டு நாள், மூன்று நாள் அண்ணி தலையாட்டுவாள். பிறகு அதே பேச்சு.

"முன்ன பண்ணியே ஒன்னு, அது மாதிரி வரல."

"அதே மாதிரிதான் பண்றேன்."

"அப்போ ஓட்ஸு மட்டமா இருக்கும். கடைய மாத்து."

கடையை மாற்றினாள். ஊரில் எங்கேயும் நாத்தனார்தான் அண்ணியின் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பாள். இங்கே தலைகீழ். ஆனால் இந்த நாத்தனார் அதில் ஒரு நிம்மதியை ஒளித்து வைத்திருந்தாள். குற்றம் அடுப்பில் இருக்கும்வரை திருத்திக்கொண்டே போகலாம் அல்லவா?

அப்போதுதான் 'ரிவர்ஸ்' வந்தான். டாக்ஸி டிரைவர்களில் ஒருவன். கம்பெனி வாசல் கம்பத்தின் மேல் வண்டியைப் பின்னால் ஏற்றியதிலிருந்து அந்தப் பெயர். தலை நரைத்த பிறகும் பெயர் மாறவில்லை. கையில் பழப்பையோடு வந்து, வாசலிலிருந்தே கத்தினான்.

"கன்ட்ரோல்! நல்லாருக்கீங்களா?"

"கத்தாதடா, தெருவுக்குக் கேக்கும், எனக்குக் கேக்காது. முன்னாடி வந்து வாயக் காட்டு."

அவன் முன்னால் வந்து, பல் டாக்டரிடம் காட்டுவதுபோல வாயைப் பிளந்து, "நல், லா, ருக், கீங், களா?" என்றான்.

"நான் செவிடுடா, மக்கு இல்ல. சாதாரணமாப் பேசு."

நாத்தனார் அவனுக்குக் கிண்ணத்தில் கிரனோலா வைத்தாள். முதல் வாய் போட்டதும் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டான். "என்னக்கா இது! ஜல்லி மெஷின்ல தலைய விட்ட மாதிரி இருக்கு. நீங்க பேசுறதே எனக்குக் கேக்கலையே!" அவன் மெல்லும் சத்தம் அந்தச் சின்ன முன்னறைச் சுவரில் பட்டுத் திரும்பியது. எதிரில் உட்கார்ந்து அதே கிண்ணத்திலிருந்து எடுத்து மென்றுகொண்டிருந்த அண்ணி, அவன் உதட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நீ வேற. இன்னைக்கு நமுத்துக் கிடக்கு."

ரிவர்ஸ் மெல்லுவதை நிறுத்தினான். அண்ணியைப் பார்த்தான், பிறகு நாத்தனாரைப் பார்த்தான். நாத்தனார் அவசரமாகக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவனை வழியனுப்பப் படிக்கட்டுவரை வந்தபோது அவன் தயங்கினான்.

"அக்கா, அது நமுக்கலையேக்கா."

"மழை நாளுல்ல. நாக்குக்கு நாக்கு மாறும்."

"மழையே இல்லையேக்கா."

"நீ பாத்து இறங்கு. பின்னாடி கம்பம் இருக்கு" என்றாள். அவன் சிரிக்கவில்லை. இறங்கிப் போய்விட்டான்.

அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். கொதிக்கிற பாலைத் தட்டுப் போட்டு மூடுகிற மாதிரி, தெரிந்ததை மூடி வைத்திருந்தாள். அன்று அவள் செய்த கிரனோலாதான் எல்லாவற்றிலும் முற்றியது. பாகைக் கல்லாகும்வரை காய்ச்சினாள். முழுப் பாதாமை உடைக்காமல் போட்டாள். இருமுறை வறுத்தாள். ஆறிய பாளத்தைக் கையால் ஒடிக்க முடியாமல், கத்தியின் பிடியால் தட்டி உடைத்தாள். இதிலும் கேட்காவிட்டால் பிறகு எதிலும் இல்லை என்று அவள் கை சொன்னது. வாய் சொல்லவில்லை.

மறுநாள் காலை அண்ணி மேசையில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். நாத்தனார் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி, பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

பாதாம் உடைகிற சத்தம் அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

அண்ணி மென்றுகொண்டே இருந்தாள்.

இரண்டு மூன்று தடவை தாடை அசைந்தது. பிறகு முகம் சுளித்தது. வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "என்னடி, ஓட்ஸுல கல்லு கிடக்கு. சலிச்சுப் பாக்க மாட்டியா?" என்றாள். அவள் கீழுதட்டில் மெல்லிய சிவப்பு இறங்கியது. அவள் விரலில் இருந்தது வெள்ளையாக, ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது. கடைவாய்ப் பல்லில் பாதி.

நாத்தனார் ஈரக்கையோடு வந்து அவள் முகத்தைப் பிடித்தாள். "அண்ணி, பல்லு! பல்லு உடைஞ்சிருக்கு! வலிக்கலையா?"

அண்ணி நாக்கால் துழாவினாள். "ஆமா... இப்ப வலிக்குது."

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் வாய் அடங்கவில்லை. "சத்தம் கேட்டுச்சா அண்ணி?"

அண்ணி உதட்டையே பார்த்தாள். கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். நிஜமாகவே தெரியாதவளாக, ஒரு குழந்தையைப்போலக் கேட்டாள்:

"எப்ப?"

கண்ணுகளா, மனுஷ மண்டைக்குள் அதைவிடப் பெரிய சத்தம் வர முடியாது. சொந்தப் பல், சொந்த எலும்பில் வேரூன்றியது, இரண்டாகப் பிளந்திருக்கிறது. குழாய்ச் சத்தத்தைத் தாண்டி அடுத்தவள் காதுக்கு வந்தது. பல்லுக்குச் சொந்தக்காரிக்கு வரவில்லை. இனி ஓட்ஸைக் குறை சொல்ல முடியாது. டப்பா மூடியைக் குறை சொல்ல முடியாது.

பல் டாக்டரின் கிளினிக்கில் காத்திருக்கும் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி பேசினாள். தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவளுக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை. அறையிலிருந்த எல்லாருக்கும் கேட்டது.

"கொஞ்ச நாளாவே ஒன்னுமில்லடி. முதல்ல சைக்கிள் போச்சு. அப்புறம் லாரியும் போச்சு. பல்லுக்கு மட்டும் கெட்டியாத் தெரியும்."

நாத்தனார் அவள் முழங்காலைத் தொட்டாள், மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்ல. அண்ணி அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாகப் பேசினாள்.

"உன் சமையலத் திட்டுறவரைக்கும் என் காதத் திட்ட வேண்டியதில்ல பாரு. அதான் திட்டிக்கிட்டே இருந்தேன். நீயும் விடாம வறுத்துக்கிட்டே இருந்த. ஒருத்திக்காவது புத்தி வேணாமா?"

சிரிக்கப் பார்த்தாள், பல் வலித்தது. நாத்தனார் தரையைப் பார்த்தாள். எதிரே ஒரு குழந்தை, உள்ளேயிருந்து வந்த துளைக்கிற மெஷின் சத்தத்துக்குப் பயந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது.

அந்த மெஷினைத்தான் அண்ணியின் வாய்க்குள்ளும் விட்டார்கள். அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "இவ்வளவு அமைதியா யாரும் இங்க படுத்ததில்லம்மா" என்றார் பல் டாக்டர். அவர் வாய் முகமூடிக்குள் இருந்தது, அதனால் அந்தப் பாராட்டும் போய்ச் சேரவில்லை. வெளியே வந்ததும் நாத்தனாரிடம் சொன்னார். பக்கத்துப் பற்களிலும் மயிரிழை விரிசல் இருக்கிறது. இனிமேல் கெட்டியானது எதுவும் கூடாது. கஞ்சி மாதிரி, ஊறினது மாதிரி, மெத்தென்று கொடுங்கள்.

வீட்டுக்கு வந்தார்கள். படியேறும்போது நாத்தனார் பழக்கத்தில், "அண்ணி, அந்தப் பல் டாக்டர் சட்டையப் பாத்தீங்களா, தோள்பட்டைத் தையலே கோணல்" என்று ஆரம்பித்தாள். அண்ணி முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். முதுகுக்கு உதடு தெரியாது. நாத்தனார் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

செய்த கிரனோலா மேசையில் டப்பா நிறைய இருந்தது. நாத்தனாருக்குப் பசித்தது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். தலைக்குள் இடி இறங்கியது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அதுநாள்வரை செய்ததில் அப்படி ஒரு மொறுமொறுப்பு வந்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணி கன்னத்தில் துணியோடு உட்கார்ந்து அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரால் அதற்குமேல் கடிக்க முடியவில்லை. வாயிலிருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, எச்சிலில் கரையும்வரை காத்திருந்து விழுங்கினாள்.

பிறகு இரண்டு கிண்ணங்களை எடுத்தாள். இரண்டிலும் கிரனோலாவைப் போட்டு, பாலைக் காய்ச்சி மூழ்க மூழ்க ஊற்றினாள். தட்டைப் போட்டு மூடி வைத்தாள். அண்ணியின் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தாள். தட்டைத் திறந்து கரண்டியால் அழுத்திப் பார்த்தாள். பாதாம் இன்னும் எதிர்த்தது. மறுபடி மூடினாள். ஒரு சத்தமும் இல்லாத கூழாக ஆகும்வரை இரண்டையும் ஊற வைத்தாள். பிறகு ஒன்றை அண்ணி பக்கம் தள்ளினாள்.

அண்ணி ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டாள். நாத்தனாரின் கிண்ணத்தையும் எட்டிப் பார்த்தாள்.

"எனக்குத்தான் பல்லு இல்ல. நீ ஏண்டி இந்தக் கூழக் குடிக்கிற?"

"எனக்கு இப்படித்தான் பிடிக்கும்" என்றாள் நாத்தனார். சொல்லும்போது உதடு நேராக அசையவில்லை.

"என்ன?"

நாத்தனார் மறுபடி சொன்னாள். இம்முறை உதடு நடுங்கியது. அண்ணி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வாயையே பார்த்தாள். பிடிபடவில்லை. மூன்றாவது தடவை கேட்க வெட்கப்படுகிறவர்கள் ஒரு தலையாட்டு ஆட்டுவார்களே, அப்படி ஆட்டினாள். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

சாப்பிடுகிறவள் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். கிண்ணத்தைப் பார்த்தால் எதிரில் இருப்பவளின் வாயைப் பார்க்க முடியாது. நாத்தனாரிடம் சொல்ல நிறைய இருந்தது. அண்ணி நிமிரட்டும் என்று காத்திருந்தாள். அண்ணி நிமிரவில்லை. நாத்தனார் தன் கரண்டியை எடுத்தாள்.